கிளைம் நாளிலிருந்து பின்னோக்கிப் பார்த்துக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

காப்பீடு எடுக்க முனைபவர்களில் பெரும்பாலோர் பிரீமியம் எவ்வளவு என்ற கேள்வியோடு தொடங்குகிறார்கள். இழப்பு நேர்ந்த நாளில் பணம் கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும், யார் கையில் கிடைக்கும் என்ற கேள்விகளோடு தொடங்குவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. வருமா வராதா என்று தெரியாத ஒரு நாளில் நிறைவேற்றப்பட வேண்டிய வாக்குறுதியைத்தான் காப்பீட்டு நிறுவனம் விற்கிறது. அந்த நாளில் மேசைமீது இருக்கப் போகிறவை இரண்டே தாள்கள்: ஒன்று பாலிசிப் பத்திரம், மற்றொன்று நீங்கள் கையெழுத்திட்ட முன்மொழிவுப் படிவம். முகவர் நேரில் சொன்னதும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்ததும் அங்கே பெரும்பாலும் உதவிக்கு வருவதில்லை. ஆகவே எந்தக் காப்பீட்டை ஆராய்ந்தாலும், கிளைம் படிவத்தை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலையில் உங்களையோ உங்கள் குடும்பத்தாரையோ வைத்துப் பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு விதியையும் படித்து வாருங்கள்.

பிரீமியம் எப்படி உருவாகிறது

ஒரு தனி மனிதர் எப்போது இறப்பார் என்றோ, ஒரு குறிப்பிட்ட வீடு தீப்பற்றுமா என்றோ யாராலும் சொல்ல இயலாது. ஆனால் ஒரே வயதுடைய ஒரு லட்சம் பேரில் அடுத்த ஓராண்டில் ஏறத்தாழ எத்தனை பேர் இறப்பார்கள் என்பதைப் பழைய பதிவுகளைக் கொண்டு நெருக்கமாகக் கணிக்கலாம். வால்மீன் ஆய்வால் புகழ்பெற்ற எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து 1693இல் இத்தகைய அட்டவணை ஒன்றை வெளியிட்டார். 1762இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஈக்விடபிள் நிறுவனம், உறுப்பினரின் வயதை அடிப்படையாகக் கொண்டு கணித முறைப்படி ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தை நிர்ணயித்தது. ஆக்சுவரிகள் எனப்படும் இன்றைய காப்பீட்டுக் கணித வல்லுநர்கள் கையாளும் கருவிகள் மாறியிருக்கின்றன. அடிப்படை வேலை மாறவில்லை.

எதிர்பார்க்கப்படும் இழப்பின் சராசரிப் பங்கோடு நிர்வாகச் செலவு, முகவரின் கமிஷன், மறுகாப்பீட்டுச் செலவு, இலாபம், எதிர்பாராத மிகை இழப்புக்கான ஒதுக்கீடு ஆகியவையும் சேர்ந்ததே நீங்கள் கட்டும் பிரீமியம். அதாவது, காப்பீடு எடுத்தவர்கள் அனைவரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் கட்டும் தொகையைவிடக் கிளைமாகத் திரும்பப் பெறும் தொகை வழக்கமாகக் குறைவாகவே இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வேறு எப்படியும் இத்தொழில் நிலைத்திருக்க முடியாது. ஆனால் வாங்குபவர் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும்: அடிக்கடி நேரும் சிறு இழப்புகளைக் காப்பீட்டிடம் ஒப்படைப்பது செலவு மிகுந்த வழி, அரிதாக நேர்ந்தாலும் நேர்ந்தால் குடும்பத்தையே நிலைகுலையச் செய்யும் இழப்புகளுக்கே காப்பீடு பொருந்தும். கைபேசித் திரை உடைவதற்குக் காப்பீடு எடுத்துவிட்டு, சம்பாதிப்பவரின் உயிருக்கு எடுக்காமல் இருப்பது இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதன் விளைவு.

நிறுவனங்களும் தங்கள் தலைக்குமேல் வரும் இழப்பைத் தனியே சுமப்பதில்லை. 1861இல் சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் நகரம் தீக்கிரையானபோது அங்கிருந்த காப்பீட்டு ஏற்பாடுகள் போதாதவை என்பது வெளிப்பட்டது; இரண்டே ஆண்டுகளில், 1863இல், சுவிஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் உருவாயிற்று. காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் இத்தகைய நிறுவனங்கள் உலகெங்கும் இழப்பைப் பரப்பிவிடுவதால்தான், ஓரிடத்தில் புயல் வீசிய பிறகு நெடுந்தொலைவில் உள்ளவரின் வீட்டுப் பிரீமியமும் உயர்வதுண்டு.

வாக்குறுதி தந்தவர் அதை நிறைவேற்றும் நிலையில் இருக்க வேண்டும் என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. 1992இல் புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பின் பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. 2001இல் ஆஸ்திரேலியாவின் எச்ஐஎச் காப்பீட்டு நிறுவனம் வீழ்ந்தது. மேலே சொன்ன ஈக்விடபிள் நிறுவனமே, ஓய்வூதிய விகிதத்துக்குத் தான் முன்பு தந்திருந்த உத்தரவாதங்களின் சுமையைத் தாங்க இயலாமல், 2000ஆம் ஆண்டு டிசம்பரில் புதிய வணிகத்தை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. பழமையும் பெயரும் மட்டும் போதிய சான்றாகா. நிறுவனத்தின் கடன்தீர்க்கும் திறன் விகிதத்தையும் தர மதிப்பீட்டையும் பாருங்கள். அந்நிறுவனம் உங்கள் நாட்டின் ஒழுங்குமுறை ஆணையத்திடம் உரிமம் பெற்றுள்ளதா என்பதையும், நிறுவனம் வீழ்ந்தால் பாலிசிதாரர்களுக்கு ஈடுதரும் உத்தரவாத நிதி உள்ளதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த இழப்பை நீங்களே தாங்கலாம்

காப்பீட்டு வகைகளைப் பார்க்கும் முன் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதுங்கள். கடன் வாங்காமல், அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படாமல் உடனடியாக நீங்கள் செலவிடக்கூடிய தொகை எவ்வளவு என்பது முதல் எண். உங்களை நம்பியிருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் தேவைப்படும் தொகை எவ்வளவு என்பது இரண்டாவது. முதல் எண்ணுக்கு உட்பட்ட இழப்புகளை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். அதற்கேற்பக் கழிவுத் தொகையை உயர்த்திக் கேட்டால் பிரீமியம் குறையும். ஒவ்வொரு கிளைமிலும் முதலில் உங்கள் கையிலிருந்து செல்லும் பகுதிக்குத்தான் கழிவுத் தொகை என்று பெயர். இரண்டாவது எண், ஆயுள் காப்பீட்டிலும் உழைக்கும் திறனை இழந்தால் வருமானம் தரும் காப்பீட்டிலும் தேவைப்படும் தொகைக்கு அடிப்படை.

ஆயுள் காப்பீடு

ஆயுள் காப்பீட்டின் பணி ஒன்றே: சம்பாதிப்பவர் இறந்தால் அவருடைய வருமானத்துக்கு ஈடான தொகையை அவரை நம்பியிருப்போருக்குத் தருவது. இதை மட்டும் செய்வது டேர்ம் பாலிசி. குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் முழுத் தொகையும் கிடைக்கும். உயிரோடு இருந்தால் ஒன்றும் கிடைக்காது. "கட்டியதெல்லாம் வீணாகிவிடுமே" என்ற தயக்கத்தால் பலர் இதை ஒதுக்கிவிட்டு, முதிர்வுத் தொகை தரும் எண்டோமென்ட் பாலிசியை நாடுகிறார்கள். அதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆண்டின் தொடக்கந்தோறும் 100 வீதம் 20 ஆண்டுகள் கட்டி, இறுதியில் 3,000 பெறுவதாக வைத்துக்கொள்வோம். கட்டியது 2,000, கிடைத்தது 3,000 என்பதால் ஒன்றரை மடங்கு என்று தோன்றும். ஆனால் ஆண்டுக் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அதே பிரீமியத்துக்கு டேர்ம் பாலிசியில் கிடைக்கும் பாதுகாப்புத் தொகை பெரும்பாலும் பல மடங்கு அதிகமாக இருக்கும். பாதுகாப்பையும் சேமிப்பையும் தனித்தனியே வைத்துக்கொள்வதே நல்லது என்று நான் கருதுகிறேன். தாமாகச் சேமிக்கும் பழக்கம் வாய்க்காத சிலருக்குக் கட்டாயச் சேமிப்பாக எண்டோமென்ட் உதவக்கூடும். அவர்களும் முதலில் போதுமான டேர்ம் பாலிசியை எடுத்த பிறகே அதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? வருமானத்தின் பத்து மடங்கு என்ற பொது விதி தொடக்கத்துக்கு உதவலாம். அதோடு நின்றுவிடக் கூடாது. நிலுவையிலுள்ள கடன்கள் அனைத்தையும் கூட்டுங்கள். குடும்பத்தின் ஆண்டுத் தேவையை, கடைசிக் குழந்தை சொந்தக் காலில் நிற்கும் வரையுள்ள ஆண்டுகளால் பெருக்கிச் சேருங்கள். இருக்கும் சேமிப்பைக் கழியுங்கள். கிடைக்கும் எண் பெரிதாக இருந்தால் அஞ்ச வேண்டாம். இளம் வயதில் டேர்ம் பிரீமியம் அந்த அளவுக்கு எட்டாததாக இருப்பதில்லை. வருமானம் ஈட்டாத குழந்தையின் பெயரில் பெருந்தொகைக்கு ஆயுள் காப்பீடு எடுப்பதில் எனக்குப் பொருள் தெரியவில்லை. பெற்றோரின் உயிருக்கு எடுப்பதே அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு. மாறாக, சம்பளம் பெறாமல் வீட்டைக் கவனித்துக்கொள்பவரின் உழைப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு. அவர் இல்லாமல் போனால் அந்த வேலைகளுக்கு ஆள் வைக்க ஆகும் செலவைக் கணக்கில் கொண்டு அவருக்கும் காப்பீடு எடுக்கலாம்.

பிறருடைய உயிர்மீது காப்பீடு எடுக்க வேண்டுமானால் அந்த உயிரில் உங்களுக்குச் சட்டம் ஏற்கும் நலன் இருக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொடர்பே இல்லாத பிறர் உயிர்மீது சூதாட்டம்போலக் காப்பீடு எடுக்கும் வழக்கம் பரவியிருந்ததால் 1774இல் அதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. வாழ்க்கைத் துணை, கடன் தந்தவர், கூட்டாளி ஆகியோருக்கு இத்தகைய நலன் பொதுவாக ஏற்கப்படுகிறது.

நாமினியின் பெயரைப் பாலிசி எடுத்த நாளோடு மறந்துவிடுவது மிகப் பரவலான தவறு. திருமணம், மணமுறிவு, குழந்தைப் பேறு, நாமினியின் இறப்பு ஆகிய ஒவ்வொன்றுக்குப் பிறகும் அதைத் திருத்த வேண்டும். நாமினி அந்தப் பணத்துக்கு உரிமையாளரா அல்லது வாரிசுகளுக்காகப் பெற்று வைப்பவரா என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால், உங்கள் நாட்டுச் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தேவையானால் உயிலையும் அதற்கேற்ப எழுதி வையுங்கள்.

உழைக்கும் திறனை இழந்தால்

இறப்புக்குக் காப்பீடு எடுப்பவர்கள்கூட, உயிர் பிழைத்து உழைக்க முடியாமல் போகும் நிலையைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்போது வருமானம் நின்றுவிடும். செலவோ முன்பைவிடக் கூடும். இந்த இடைவெளியை நிரப்பும் வருமானப் பாதுகாப்புக் காப்பீட்டில் ஒரே ஒரு சொற்றொடர் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "தன் சொந்தத் தொழிலைச் செய்ய இயலாமை" என்று இருந்தால், விரல்களின் நுட்பத்தை இழந்த அறுவை மருத்துவருக்குப் பணம் கிடைக்கும். "எந்தத் தொழிலையும் செய்ய இயலாமை" என்று இருந்தால், அவர் கற்பித்துப் பிழைக்கலாமே என்று கூறி மறுக்க இடமுண்டு. விபத்துக் காப்பீடு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது விபத்தால் நேர்ந்தவற்றுக்கு மட்டுமே பொருந்தும். பக்கவாதமும் புற்றுநோயும் அதன் எல்லைக்குள் வாரா. கொடுநோய்க் காப்பீடு, பட்டியலிட்ட நோய் உறுதியானவுடன் மொத்தத் தொகையைத் தரும். ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் பத்திரத்தில் தரப்பட்டுள்ள மருத்துவ வரையறையைப் பூர்த்தி செய்ய வேண்டும். தொடக்கநிலைப் புற்றுநோய்கள் பல அதில் விலக்கப்பட்டிருக்கும். நோய் கண்டறிந்த பின் குறைந்தது இத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக உண்டு.

மருத்துவக் காப்பீடு

ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் தொழிலாளர்களுக்குக் கட்டாய நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தது முதல், மருத்துவச் செலவை யார் ஏற்பது என்பதற்கு ஒவ்வொரு நாடும் தனி வழியைத் தேர்ந்துள்ளது. பொது மருத்துவ அமைப்பு வலுவாக உள்ள இடத்தில் தனியார் பாலிசி ஒரு துணை. இல்லாத இடத்தில் அதுவே முதன்மை. எங்கு வாழ்ந்தாலும், அரசோ பணியிடமோ ஏற்கெனவே எதைத் தருகிறது என்று அறிந்த பிறகே மேற்கொண்டு வாங்குங்கள். பணியிடக் காப்பீட்டை மட்டும் நம்பியிருப்பவர், வேலை போகும் நாளில் காப்பீடும் போகும் என்பதையும், அந்த வயதில் புதிதாக எடுக்கப் போனால் பழைய நோய்கள் தடையாக வரக்கூடும் என்பதையும் கருத வேண்டும்.

மருத்துவ பாலிசியில் காப்பீட்டுத் தொகையைவிட அதன் உள்வரம்புகளே முக்கியம். ஒரு சிகிச்சைச் செலவு 100 என்று கொள்வோம். கழிவுத் தொகை 10 என்றும், எஞ்சியதில் 20 விழுக்காட்டை நோயாளி ஏற்கும் கோ-பே விதி உண்டு என்றும் இருந்தால், மீதமுள்ள 90இல் 72 மட்டுமே நிறுவனம் தரும். 28 உங்கள் பொறுப்பு. இதற்குமேல் அறை வாடகைக்கு ஒரு வரம்பு, குறிப்பிட்ட அறுவை சிகிச்சைக்கு ஒரு வரம்பு என்று இருந்தால் உங்கள் பங்கு இன்னும் கூடும். காத்திருப்புக் காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: தொடக்கத்தில் சில வாரங்கள் எந்த நோய்க்கும், சில ஆண்டுகள் முன்பே இருந்த நோய்களுக்கும் பணம் கிடைக்காது என்ற விதி பொதுவானது. உடல் நன்றாக இருக்கும்போதே எடுக்கச் சொல்வது இதனால்தான். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உரிமை வாழ்நாள் முழுவதும் உண்டா என்பதையும், கிளைம் வாங்கியதைக் காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்க முடியுமா என்பதையும் எழுத்தில் பாருங்கள்.

வாகனம், வீடு, உடைமை

வாகனக் காப்பீட்டின் இதயம், பிறருக்கு நீங்கள் விளைவிக்கும் தீங்குக்கான பொறுப்பு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927 முதலும், பிரிட்டன் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும் இதைக் கட்டாயமாக்கின; இன்று பெரும்பாலான நாடுகளில் இது இல்லாமல் சாலைக்கு வர முடியாது. வண்டியின் விலைக்கு எல்லை உண்டு. அடிபட்ட ஒருவரின் வாழ்நாள் சிகிச்சைக்கும் இழந்த வருமானத்துக்கும் எளிதில் எல்லை கட்ட முடியாது. ஆகையால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், சொந்தச் சேதத்துக்கான கழிவுத் தொகையை உயர்த்தி மிச்சப்படும் பணத்தில் மூன்றாம் தரப்புப் பொறுப்பின் வரம்பை உயர்த்துங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு என்று எழுதிக்கொடுத்துவிட்டு வாடகைக்கோ பொருள் கொண்டுசேர்க்கவோ வண்டியை ஓட்டினால் கிளைம் மறுக்கப்படலாம். பயன்பாடு மாறிய அன்றே தெரிவிக்க வேண்டும்.

வீட்டுக் காப்பீட்டில் பெரும்பாலோர் தவறுவது தொகையை நிர்ணயிப்பதில். வீட்டின் சந்தை விலையில் நிலத்தின் மதிப்பும் அடங்கும், நிலம் எரிந்துபோவதில்லை. காப்பீடு செய்ய வேண்டியது, இடிபாடுகளை அகற்றி அதே கட்டடத்தை இன்றைய கூலியிலும் பொருள் விலையிலும் மீண்டும் கட்டி எழுப்பும் செலவை. பிரீமியத்தைக் குறைக்க எண்ணிக் குறைந்த தொகைக்கு எடுத்தால் விகிதாசார விதி குறுக்கே வரும். மீண்டும் கட்ட 100 ஆகும் வீட்டை 60க்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறீர்கள். தீயில் 30 அளவுக்குச் சேதம். 60க்குள் அடங்கும் சேதம்தானே, முழுவதும் கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் மதிப்பில் ஐந்தில் மூன்று பங்குக்கே பிரீமியம் கட்டியதால் சேதத்திலும் ஐந்தில் மூன்று பங்கான 18 மட்டுமே தரப்படும். சிறு சேதத்திலும் இந்த வெட்டு விழுகிறது என்பதைப் பலர் கிளைம் நாளில்தான் அறிகிறார்கள். ஆண்டுதோறும் தொகையைத் திருத்துங்கள். இழப்பீடு புதிய பொருளின் விலையிலா, தேய்மானம் கழித்த மதிப்பிலா என்பதையும் பாருங்கள். பத்தாண்டு பழைய சாதனத்துக்கு இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிது.

எந்தக் காரணத்தால் வந்த சேதம் என்பது அடுத்த கேள்வி. 1906இல் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் தாக்கியபோது, அதைத் தொடர்ந்து மூண்ட தீயே நகரத்தின் பெரும்பகுதியை அழித்தது. தீயை ஏற்ற பாலிசிகள் பல நிலநடுக்கத்தை விலக்கியிருந்ததால், ஒரே கட்டடத்தின் சேதத்தில் எது நடுக்கத்தால் வந்தது, எது தீயால் வந்தது என்ற வழக்குகள் மலிந்தன. சில நிறுவனங்கள் முழுமையாகத் தந்தன. சில குறைத்துத் தந்தன. சில தாமே வீழ்ந்தன. இன்றும் பல நாடுகளின் வழக்கமான வீட்டு பாலிசிகளில் நிலநடுக்கமும் வெள்ளமும் இடம்பெறுவதில்லை. தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். நாட்பட்ட நீர்க்கசிவு, தேய்மானம், கரையான் போன்ற மெல்ல நிகழும் சேதங்கள் பொதுவாக ஏற்கப்படா. வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் பூட்டிக் கிடந்தால் சில பாதுகாப்புகள் நின்றுபோகும் என்ற விதியும் உண்டு. வாடகைக்கு இருப்பவர் பொதுவாகக் கட்டடத்துக்குக் காப்பீடு எடுக்க வேண்டியதில்லை. உள்ளிருக்கும் தன் உடைமைகளுக்கு எடுத்தால் போதும்.

பயணக் காப்பீட்டில் பை தொலைவதைவிட வெளிநாட்டு மருத்துவமனைச் செலவும் நோயாளியைத் தாயகம் கொண்டுவரும் செலவுமே பெரியவை. அந்த இரண்டின் வரம்பை மட்டும் கவனமாகப் பாருங்கள். புயல் எச்சரிக்கை வெளியான பிறகு எடுத்தால் அந்தப் புயல் முன்பே தெரிந்த நிகழ்வாகி, அதனால் வரும் இழப்பு ஏற்கப்படாமல் போகும் என்பதால், பயணச்சீட்டு வாங்கும்போதே எடுத்துவிடுங்கள்.

தொழில் செய்பவர்களுக்கு

மருத்துவர், பொறியாளர், கணக்காளர், வழக்குரைஞர் போன்றோருக்கான தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் கோரிக்கை எழுந்த நாளில் நடப்பில் இருக்கும் பாலிசியைச் சார்ந்தது. தவறு நேர்ந்த ஆண்டில் பாலிசி இருந்தது, வழக்கு வந்த ஆண்டில் இல்லை என்றால் பாதுகாப்பு கிடைக்காது. எனவே ஓய்வு பெறும்போதோ நிறுவனம் மாறும்போதோ, பின்னர் எழக்கூடிய கோரிக்கைகளுக்கான நீட்டிப்பை வாங்கிவிட்டே பழைய பாலிசியை விட வேண்டும். இதற்கு மாறாக, தீங்கு நிகழ்ந்த நாளைச் சார்ந்த பாலிசிகளும் உண்டு. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசால் வரும் நோய்கள் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆனதால், அத்தகைய பழைய பாலிசிகளின்மீது எழுந்த கோரிக்கைகள் 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையையே ஆட்டிவைத்தன. பழைய பாலிசிப் பத்திரங்களைத் தூக்கியெறியாதீர்கள் என்று தொழில் நடத்துவோருக்குச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

வணிகத் தடைக் காப்பீடு, கடையோ ஆலையோ மூடிக்கிடக்கும் காலத்தின் வருமான இழப்பை ஈடுசெய்கிறது. இதற்குப் பெரும்பாலும் கட்டடத்துக்கோ இயந்திரத்துக்கோ பொருட்சேதம் நேர்ந்திருக்க வேண்டும். கொரோனா ஊரடங்கில் சேதம் எதுவும் இல்லாமலே கடைகள் மூடப்பட்டபோது, பாலிசியின் சொற்களைப் பொறுத்தே முடிவு அமைந்தது. தொற்றுநோயையும் அரசு ஆணையையும் குறிப்பிட்ட விரிவு விதிகள் இருந்த பாலிசிகளைப் பொறுத்தவரை, பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் பெருமளவு பாலிசிதாரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

சரக்கு அனுப்புவோர் ஏ, பி, சி என்ற மூன்று வகை விதித்தொகுப்புகளில் எது தமக்குரியது என்று கேட்க வேண்டும். ஏ வகை, விலக்கப்பட்டவை தவிர அனைத்து அபாயங்களையும் ஏற்கும். மற்ற இரண்டும் பெயரிட்டவற்றை மட்டும் ஏற்கும். கடல்வணிகத்தில் மிகப் பழமையான ஒரு விதியையும் அறிந்திருக்க வேண்டும்: கப்பலையும் சரக்கையும் ஒருசேரக் காப்பாற்றச் செய்த அசாதாரணச் செலவை, தம் சரக்குக்கு ஒரு கீறலும் விழாதவர்கள் உட்பட அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலின் உரிமையாளர் இவ்விதியை நடைமுறைப்படுத்தியதால், சரக்குக் காப்பீடு இல்லாதவர்கள் பிணைத்தொகையைத் தாமே கட்டிய பிறகுதான் தங்கள் பெட்டிகளைப் பெற இயலும் என்ற நிலை வந்தது.

பயிர்க் காப்பீட்டில் வயலின் உண்மை இழப்பை அளந்து தருவது ஒரு முறை; வானிலை நிலையத்தின் மழை அளவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் தருவது இன்னொரு முறை. இரண்டாவது விரைவாகப் பணம் தரும். ஆனால் நிலையத்தில் மழை பெய்து உங்கள் வயலில் பெய்யாமல் போனால் ஒன்றும் கிடைக்காது. அளவீட்டு நிலையம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதே அங்கு முதல் கேள்வி.

படிவத்தை நிரப்பும்போது

1766இல் இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டு பிரபு அளித்த ஒரு தீர்ப்பிலிருந்து, காப்பீட்டு ஒப்பந்தத்தில் இரு தரப்பும் முழு நேர்மையோடு தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்ற கோட்பாடு வேரூன்றியது. நுகர்வோரைப் பொறுத்தவரை பிரிட்டனின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தளர்த்தி, கேட்ட கேள்விகளுக்குத் தவறான தகவல் தராமல் இருக்க நியாயமான கவனம் செலுத்தினால் போதும் என்றாக்கியது. உங்கள் நாட்டில் எந்த அளவுகோல் நடைமுறையில் இருந்தாலும் வழிமுறை ஒன்றே: படிவத்தை நீங்களே நிரப்புங்கள். முகவர் நிரப்பித் தந்தால் வரிவரியாகப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள். புகைப்பழக்கம், பழைய அறுவை சிகிச்சை, முன்பு மறுக்கப்பட்ட காப்பீடு ஆகியவற்றை மறைத்தால் பிரீமியத்தில் மிச்சப்படுவது சிறிது. கிளைம் நாளில் இழப்பது முழுத் தொகை. பல நாடுகளில், பாலிசி தொடங்கிய இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பிழையான தகவலைக் காட்டி ஆயுள் கிளைமை மறுப்பது கடினமாகிறது. அந்தப் பாதுகாப்பை நம்பி மறைக்கத் துணிவது குடும்பத்தின் எதிர்காலத்தைப் பணயம் வைப்பதாகும். நிரப்பிய படிவத்தின் நகலைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.

முகவர் பொதுவாக நிறுவனத்தின் சார்பாளர். தரகர் வாங்குபவரின் சார்பாளர். இருவருக்குமே கமிஷன் பெரும்பாலும் பிரீமியத்திலிருந்து வருகிறது. எவ்வளவு என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பத்திரத்தைப் படிக்கும் வரிசை

பத்திரம் கைக்கு வந்ததும் சில நாடுகளில் 10 முதல் 30 நாள் வரை, பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் உரிமை உண்டு. அந்த நாட்களுக்குள் படித்து முடித்துவிடுங்கள். முதலில் அட்டவணைப் பக்கத்தில் பெயர், பிறந்த நாள், முகவரி, தொகை, தொடங்கும் நாள் சரியா என்று பாருங்கள். அடுத்து, நன்மைகளைத் தாண்டி நேரே விலக்குகளுக்குச் செல்லுங்கள். மூன்றாவதாக வரையறைகள். அலுப்பூட்டும் பக்கங்கள் என்று கடந்துவிடக் கூடிய இவற்றில் எவ்வளவு பணம் தங்கியிருக்கிறது என்பதற்கு நியூயார்க்கின் உலக வர்த்தக மையமே சான்று. 2001 செப்டம்பரில் இரு விமானங்கள் இரு கோபுரங்களைத் தாக்கின. காப்பீடு ஒரு நிகழ்வுக்கு ஏறத்தாழ 350 கோடி டாலர். நடந்தது ஒரு நிகழ்வா, இரண்டா? முழுமையான பாலிசிப் பத்திரம் அப்போது இன்னும் வழங்கப்பட்டிருக்கவில்லை என்பதால், எந்த நிறுவனம் எந்த வரையறைக்கு உடன்பட்டிருந்தது என்பதே வழக்காயிற்று. 2004இல் சில நிறுவனங்களுக்கு அது ஒரே நிகழ்வு என்றும், வேறு சில நிறுவனங்களுக்கு இரண்டு நிகழ்வுகள் என்றும் நடுவர் குழுக்கள் முடிவு கூறின.

ஈடு என்பது இழப்பை நிரப்புவதற்கே, இலாபத்துக்கு அன்று என்பதையும் உடைமைக் காப்பீட்டில் நினைவில் கொள்ள வேண்டும். 1883இல் இங்கிலாந்தில் முடிவான ஒரு வழக்கில், விற்பனைக்கு ஒப்பந்தமான வீடு கைமாறும் முன் தீயில் சேதமடைந்தது. உரிமையாளர் காப்பீட்டுத் தொகையையும் பெற்றார், வாங்குபவரிடமிருந்து முழு விலையையும் பெற்றார். காப்பீட்டுத் தொகையைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரே வீட்டுக்கு இரண்டு நிறுவனங்களில் முழுத் தொகைக்கு எடுத்தாலும் இரட்டிப்பாகக் கிடைக்காது. அவ்விரு நிறுவனங்களும் இழப்பைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். ஆயுள் காப்பீட்டுக்கு இவ்விதி பொருந்தாது.

இழப்பு நேர்ந்த பின்

முதலில் சேதம் பரவாமல் தடுங்கள். அது பாலிசியின் நிபந்தனையும்கூட. உடைந்த கூரையைத் தார்ப்பாயால் மூடுவதற்கான செலவுச் சீட்டை எடுத்து வையுங்கள். ஆனால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும் முன் எதையும் நிரந்தரமாகப் பழுதுபார்க்கவோ அகற்றவோ வேண்டாம். எல்லாக் கோணங்களிலும் புகைப்படம் எடுங்கள். நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, கிளைம் எண்ணையும் பேசியவரின் பெயரையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். விபத்தில் மூன்றாம் தரப்பினரிடம் பிழை என்னுடையதே என்று எழுதிக்கொடுப்பது நிறுவனத்தின் வாதத்தைக் கெடுத்துக் கிளைமைப் பாதிக்கலாம். காயம்பட்டவருக்கு உதவுவதும் காவல்துறைக்கு நடந்ததை நடந்தபடி சொல்வதும் வேறு. மூல ஆவணங்களைத் தரும்போது நகலும் ஒப்புகைச் சீட்டும் பெறாமல் தராதீர்கள்.

தர முன்வரும் தொகை குறைவு என்று தோன்றினால் முழுத் தீர்வு ஒப்புகையில் கையெழுத்திட அவசரப்பட வேண்டாம். எந்த விதியின்கீழ் எவ்வளவு கழிக்கப்பட்டது என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள். கிளைம் முற்றாக மறுக்கப்பட்டால் மறுப்புக்கான விதி எண்ணைக் கேட்டுப் பெற்று, பத்திரத்தில் அந்த விதியை நீங்களே படித்துப் பாருங்கள். சொன்ன காரணத்துக்கும் அச்சிட்ட விதிக்கும் பொருத்தம் இல்லாமல் போவதுண்டு. ஐயத்துக்கு இடமான சொற்களை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்வது பல நாட்டு நீதிமன்றங்கள் பின்பற்றும் நெறி. பாலிசியை எழுதியது நிறுவனம் என்பதால் அது உங்களுக்குச் சாதகம். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், குறித்த நாட்களில் விடை வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் அல்லது ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் எழுதுங்கள். ஆம்புட்ஸ்மன் உள்ள பல நாடுகளில் அதற்குக் கட்டணம் இல்லை, வழக்குரைஞர் தேவையில்லை, ஆனால் மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து எண்ணப்படும் காலக்கெடு உண்டு. கடிதம் கைக்கு வந்த அன்றே அந்தக் கடைசி நாளை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.